வந்தார்கள், படம் காட்டினார்கள், போனார்கள்: ஆராய்ச்சியாளர்களை மலைப்பள்ளியோடு எப்படிக் கட்டிப்போடுவது?

மலைப்பள்ளி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

ஏற்காட்டில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து காலநிலை மாற்றம் பற்றிப் பேச ஒருவர் வந்தார். நல்ல மனிதர். இருபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அவருக்குத் தலைசுற்றலைக் கொடுத்துவிட்டதால், ஒரு சோடா குடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். திரையில் உருகும் பனிப்பாறை; அதன்மேல் மெலிந்த வெள்ளைக் கரடி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இது காட்டெருமையைவிடப் பெரியதா?" என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் காட்டெருமை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் நடக்க வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மொத்தம் நாற்பது நிமிடம், வாசலில் பதாகையோடு ஒரு குழுப்படம், அவ்வளவுதான். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை.

இதே பிள்ளைகள் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையை மலைமேல் இருந்து பார்த்தவர்கள். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது அவர்கள் கண்ணெதிரே நடந்தது. அந்த மழையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தோன்றவில்லை, முன்கூட்டியே அவரிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஏற்காட்டிலேயே 1963 முதல் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் மேலேயே இருக்கிறது. கீழே பெரியார் பல்கலைக்கழகம், சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம், ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். எல்லாம் ஒரு பஸ், மிஞ்சினால் இரண்டு பஸ் தூரம். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளிகளை நம்மோடு கூட வேலை செய்கிறவர்களாக மாற்றுவது எப்படி? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய தலைமையாசிரியர் | ஞாயிறு, இரவு 10.02

டீச்சர், முப்பத்தொரு ஆண்டு இந்த மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு மழைமானிக் கதை இருக்கிறது.

ஒரு பள்ளிக்கு ஒரு திட்டத்தில் நல்ல உலோக மழைமானி வந்தது. விழா எடுத்தோம், ரிப்பன் வெட்டினோம். எங்கே வைப்பது என்று கொண்டுவந்தவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெயில் படாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று மாமரத்தடியில் வைத்தோம். மரத்தடியில் மழைமானியை வைத்தால் அளப்பது மரம் சொட்டியதைத்தானே! இரண்டு மாதம் எழுதினோம். காலாண்டு விடுமுறை வந்தது. திரும்பி வந்து பார்த்தால் காவலாளி அதில் துளசி நட்டிருந்தார். துளசி நன்றாகவே வந்தது.

காவலாளியை நான் திட்டவில்லை. அந்தக் கணக்கை எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்க ஆள் இல்லாத கணக்கை எவன் எழுதுவான்? ஆகவே டீச்சர், கூட்டமைப்பு, ஒப்பந்தம், இலச்சினை எல்லாம் அப்புறம். ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். இரண்டாவது சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் யார் போய்ப் பார்ப்பது?

மழைமானி | திங்கள், காலை 7.20

என் புனைபெயரைப் பார்த்தால் ஐயா என்னைத் திட்டியதுபோல இருக்கிறது. சேலத்தில் மலைப்பகுதி மழை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்கிறேன். பள்ளிக்குப் போய்ப் பத்து நாள் வேலை செய்தாலும் எங்கள் கணக்கில் அது சேராது. ஆய்வுக் கட்டுரை வெளியானால்தான் மதிப்பு. அதனால் பள்ளிக்கு வருகிறவர் உங்களுக்கு ஏதோ தானம் செய்கிற மனநிலையில் வருகிறார். தானத்தைத் தினமும் யார் செய்வார்கள்?

ஆனால் உண்மையில் தேவை எனக்குத்தான் அதிகம். நாளிதழில் வரும் மாவட்ட மழைப் பட்டியலைப் பாருங்கள்: ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி, தம்மம்பட்டி, ஆணைமடுவு, கரியகோவில் என்று கீழே வரிசையாகப் பெயர்கள். சேர்வராயன் மலைக்கு ஏற்காடு என்ற ஒரே பெயர். ஒண்டிக்கடையில் கொட்டும்போது நாகலூரில் வெயில் அடிப்பது மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். என் வரைபடத்துக்கு அது தெரியாது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. மேலே எந்தச் சரிவில் எவ்வளவு பெய்தது என்று தெரியாமல் கீழே எவ்வளவு தண்ணீர் வரும் என்று எப்படிச் சொல்வது?

வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் ஏறத்தாழ 200 இடங்களில் மழையை அளக்கிறது. பெரும்பாலும் தோட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் கொடுக்கும் கணக்கு. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை நிலச்சரிவுக்கு முந்தைய நாளே, அந்தக் கணக்கைப் பார்த்து அவர்கள் எச்சரித்தார்கள். கோட்டயம் பக்கம் மீனச்சில் ஆற்றுப்படுகையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர் மக்களும் சேர்ந்து இப்படி அளக்கிறார்கள். நம் மலையில் இருபது பள்ளிக்கூடம் அளந்தால் நான் காலில் விழத் தயார்.

மலைப்பள்ளி டீச்சர் | திங்கள், இரவு 8.45

காலில் விழ வேண்டாம், முதலில் எங்கள் மானக்கேட்டைக் கேளுங்கள். ஒருமுறை நாங்களே அளந்து பார்த்தோம்.

குளிர்பானப் பாட்டிலின் மேல் பாகத்தை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து வைத்தோம். அடியில் இருக்கும் மேடுபள்ளத்துக்குக் கூழாங்கல் போட்டுத் தண்ணீரால் நிரவினோம். காலை இறைவணக்கம் முடிந்ததும் ஒரு பிள்ளை போய், சேர்ந்த தண்ணீரை ஆய்வகக் குடுவையில் ஊற்றிப் பார்த்துப் பலகையில் எழுதும். இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி டீக்கடையிலிருந்து செய்தித்தாளைக் கொண்டுவந்தாள். "டீச்சர், பேப்பரில் ஏற்காடு 33 என்று போட்டிருக்கிறது. நம் பலகையில் 250 என்று இருக்கிறது. பேப்பர்காரர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்களா?"

நானும் ஒரு நிமிடம் பேப்பரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. நாங்கள் மில்லிலிட்டரை எழுதிக்கொண்டிருந்தோம், அவர்கள் மில்லிமீட்டரைப் போட்டிருந்தார்கள். பாட்டிலின் விட்டம் 10 சென்டிமீட்டர். ஆரம் 5, பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 7.85 மில்லி தண்ணீர் விழும். 250-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 32. பேப்பரில் 33! வகுத்து முடித்ததும் அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். வட்டத்தின் பரப்பை எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறேன். ஒருவரும் அதற்காகக் கத்தியதில்லை.

அதோடு நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, பயிற்சி, தேர்வு என்று நானும் விட்டுவிட்டேன்.

மழைமானி | திங்கள், இரவு 9.30

டீச்சர், இந்தக் கதைக்காகவே நான் மலையேறி வரலாம். இரண்டு திருத்தம் மட்டும்: அரசுக் கணக்கு காலை 8.30 மணிக்கு எடுப்பது, முந்தைய 24 மணி நேரத்து மழை அது. நீங்கள் இறைவணக்கத்துக்குப் பிறகு எடுத்தால் அரை மணி மழை நாள் மாறி விழுந்துவிடும். மானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல இரண்டு பங்கு தள்ளி வையுங்கள்.

காப்பிக்காட்டான் | திங்கள், இரவு 11.15

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்த கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் காப்பியோடு கூடவே மழைக் கணக்குப் புத்தகமும் தோட்டங்களில் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. தோட்டக் கணக்கு எழுதும் எங்கள் ரைட்டர் இன்றைக்கும் இஞ்சிலும் சென்ட்டிலும்தான் எழுதுகிறார். நூறு சென்ட் ஒரு இஞ்ச். "நேற்று நாற்பது சென்ட்" என்றால் மலையில் எந்தத் தோட்டக்காரருக்கும் புரியும்.

ஆசைக்காக எழுதுவது இல்லை. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்து, எட்டுப் பத்து நாளில் காடு முழுவதும் வெள்ளையாகப் பூக்க வேண்டும். அதைப் பூ மழை என்போம். ஒரு இஞ்சாவது வேண்டும். அரைகுறையாகத் தூறினால் மொட்டு பாதியில் நின்றுவிடும். பூத்த அன்றே பெருமழை பிடித்தால் காய் பிடிக்காது. பூ மழைக்குப் பின் இன்னொரு மழையும் சில வாரத்தில் வர வேண்டும். அது தவறினால் பிடித்த காயும் நிற்காது. நிழல் குறைந்து வெயில் ஏறினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வேறு. என் அப்பா காலத்துப் புத்தகத்தையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மழை நாள் எப்படி இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பார்க்கத்தான் முடியாது. சில ஆண்டுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர் ஒருவர் வந்தார், ஆராய்ச்சி என்றார். அப்பா கையெழுத்தில் பதினோரு ஆண்டுப் புத்தகம் இரண்டைக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் தருகிறேன் என்றார். முதலில் போன் எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. கல்லூரிக்கே போய்க் கேட்டேன்; படிப்பு முடிந்து போய்விட்டார் என்றார்கள். கட்டுரை வந்ததா, பட்டம் வாங்கினாரா, ஒன்றும் தெரியாது. அப்பா மழை அளந்துவிட்டு வந்து, ஈரக்கையோடு எழுதி மை பரவிய பக்கங்கள் அதில் இருந்தன. கூட்டு முயற்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரண்டு புத்தகம்தான் ஞாபகம் வருகிறது.

மழைமானி | செவ்வாய், காலை 6.50

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரவு மூடி வைத்துவிட்டேன். எங்களைப் போன்ற ஒருவர் செய்த வேலை இது. சமாதானம் சொல்ல முடியாது.

ஒரு வழி மட்டும் சொல்கிறேன். மிச்சம் இருக்கும் புத்தகங்கள் உங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். உங்கள் மேசையிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் ஒரு பிரதி உங்களிடம், ஒன்று பள்ளியில், ஒன்று என்னிடம். எதை எழுதினாலும் முதலில் தமிழில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கணக்கு எடுப்பார்களா?

காப்பிக்காட்டான் | செவ்வாய், காலை 9.05

ஞாயிறு விடுமுறை. ஞாயிறு மழையும் திங்கள் மழையும் சேர்த்துத் திங்கட்கிழமைக் கணக்கில் வரும்.

மழைமானி | செவ்வாய், காலை 9.12

அப்படியென்றால் தெரியாமல் எவனாவது கணினியில் போட்டால், "ஏற்காட்டில் திங்கட்கிழமைகளில்தான் மழை அதிகம்" என்று ஒரு கட்டுரை வந்துவிடும்! இந்த மாதிரிச் சங்கதி எந்தக் கருவியும் சொல்லாது. கணக்கு எழுதியவரைக் கேட்டால்தான் உண்டு.

இருபதாம் வளைவு | செவ்வாய், மதியம் 2.40

இந்த மலைப்பாதையில் இருபத்திரண்டு ஆண்டாக வண்டி ஓட்டுகிறேன். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். ஆனால் ஏற்காட்டில் வெயில் ஏறியதற்கு வட துருவம் வரை போக வேண்டாம் என்பது என் கருத்து. மரத்தை வெட்டினார்கள், விடுதி கட்டினார்கள், பாக்சைட்டுக்காக மலைத்தலையைச் சீவினார்கள். சனி ஞாயிறு வந்தால் ஏரியைச் சுற்றி வண்டிப் புகை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் 'உலகம் சூடாகிறது' என்று சொன்னால், இங்கே செய்த தப்புக்கு யாரும் பொறுப்பு இல்லை என்றுதானே ஆகும்?

மழைமானி | செவ்வாய், மாலை 6.25

அண்ணா, பாதிக்கு மேல் உங்கள் பக்கம்தான் நான். நிழல் மரம் போனால் அந்த இடம் உடனே சூடாகும். அதற்குக் கரியமில வாயுவைக் காரணம் காட்டுவது ஏமாற்று வேலை.

ஆனால் மற்றதும் பொய் இல்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பதற்கு இது ஒரு காரணம். ஃபெஞ்சலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் பெய்தது. அந்த ஒரு மழையை மட்டும் வைத்து 'இதோ காலநிலை மாற்றம்' என்று நான் சொல்ல மாட்டேன். காலநிலை என்று பேச முப்பது ஆண்டுக் கணக்காவது வேண்டும். காப்பிக்காட்டான் அவர்களின் புத்தகத்துக்கு நான் ஏன் அலைகிறேன் என்று இப்போது புரியும்.

எது உள்ளூர்க் காரணம், எது உலகக் காரணம் என்று பிரிக்க ஒரு வெப்பமானி போதாது. கடைவீதியில் ஒன்று, காப்பி நிழலில் ஒன்று, சோலையில் ஒன்று வைத்துப் பார்க்கலாம். அந்த மூன்றும் சேர்ந்து உங்கள் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கும்.

மலைப்பள்ளி டீச்சர் | செவ்வாய், இரவு 9.00

இருபதாம் வளைவு அண்ணா, உங்கள் கேள்வியை அப்படியே நாளை வகுப்பில் வைக்கப்போகிறேன்.

போன வாரம் ஒரு சிறு வேலை செய்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆய்வக வெப்பமானியைத் துப்பட்டாவால் நிழல் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் 28. ஒண்டிக்கடையில் இறங்கும்போது 21. ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று பாடத்தில் இருப்பதைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிச் சரிபார்த்தேன். நடத்துநர், "உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று கேட்டார்.

அம்மாபேட்டைக்காரன் | புதன், காலை 5.30

சேலம் அம்மாபேட்டையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொன்னால் பயன்படலாம்.

இந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010-ல் காலநிலைக் கல்விக்காகவே கூட்டு முயற்சிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2012-ல் ஆறு கூட்டணிகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒன்று மேரிலாந்து, டெலவேர் என்ற இரண்டு மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தது. கோடை விடுமுறையில் ஆசிரியர்களை விஞ்ஞானிகளோடு உட்கார வைத்தார்கள். பள்ளி திறந்த பிறகும் தொடர்பை விடவில்லை. பசிபிக் தீவுகளுக்குத் தனியாக ஒரு கூட்டணி, சான் டியாகோவுக்குத் தனியாக ஒன்று. நாடு முழுவதற்கும் ஒரே பாடம் என்று போகாமல், அந்தந்த வட்டாரத்தின் தண்ணீர், கடல், வெயில் என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் செசபீக் விரிகுடாவில் கடல் ஏறுவதுதான் பிள்ளைகளுக்குப் பாடம்.

எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். மானியம் என்றால் அதற்கு ஒரு முடிவு தேதி உண்டு. பணம் நின்ற பிறகும் ஆசிரியருக்குப் போன் செய்கிற விஞ்ஞானி எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. நம் ஊரிலும் 2022-ல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபின் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பு இருக்கிறது. மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். வனம், வேளாண்மை, கல்வி என்று மூன்று கதவைத் தனித்தனியாகத் தட்டாமல் அங்கே போய்க் கேட்கலாமே?

மரவள்ளி | புதன், மதியம் 1.10

மலைக்காரர்களே, கீழே எங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆராய்ச்சியாளரும் ஊர்க்காரரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் காட்டில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

மரவள்ளி மாவுப்பூச்சி என்று ஒன்று வந்து குருத்தைச் சுருட்டி, கிழங்கு வைக்காமல் செய்துவிட்டது. கேரளத்தில் 2020-ல் முதலில் தென்பட்டு, பிறகு எங்கள் பக்கம் பரவியது. மருந்து அடித்து அடித்துச் சலித்துவிட்டோம். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டுவந்து, 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட்டார்கள். குளவி பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு பூச்சியை உள்ளேயிருந்து தின்றுவிடும். குளவி என்றதும் முதலில் எங்கள் ஆட்களுக்குப் பயம், கொட்டுமோ என்று. குப்பியைத் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. மருந்து அடித்தால் குளவியும் செத்துவிடும் என்பதால், பக்கத்துக் காட்டுக்காரரையும் அடிக்காமல் இருக்கச் சொல்லி நாங்கள்தான் மன்றாடினோம்.

வெயிலும் வறட்சியும் நீண்டால் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். இந்த ஒன்றை வைத்தே காலநிலை, பூச்சி, உயிரியல் கட்டுப்பாடு எல்லாவற்றையும் பள்ளியில் நடத்தலாம். என் பேரன் புத்தகத்தில் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக என்னென்னவோ இருக்கிறது. வாசலுக்கு எதிரே இருக்கும் மரவள்ளிக்காடு இல்லை.

மாரமங்கலம் | புதன், இரவு 8.20

நான் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண், முதுகலை தாவரவியல் படித்தவள். கீழே இறங்கிப் படிக்கப்போனபோது "கேரளாவா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

எங்கள் பாட்டியிடம் சாமை பற்றிக் கேட்க நான்கு முறை நான்கு குழுவினர் வந்தார்கள். கேள்வித்தாள் ஏறக்குறைய ஒன்றுதான். நான்காவது முறை பாட்டி, "முதலில் வந்த பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேனே, அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அவர் சொன்னது சரி. நான்கு குழுவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை.

கூட்டுறவு என்று தொடங்கினால் எங்கள் பக்கம் இரண்டு நிபந்தனை. முடிவை ஊர்க் கூட்டத்தில் வந்து தமிழில் சொல்ல வேண்டும். மலையிலேயே படித்த எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் வேலை இருக்க வேண்டும், வழிகாட்டிக் கூட்டிப்போவதற்கு மட்டும் இல்லை. வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்துத் துளிர், பூ, காய் என்று குறித்துக்கொள்ளும் வேலை ஒன்று நாட்டின் பல பள்ளிகளில் நடக்கிறது. அப்படி ஒன்று என்றால், எந்த மரம் என்று சொல்ல என் பாட்டி போதும்.

பழைய தலைமையாசிரியர் | வியாழன், காலை 10.00

எல்லாவற்றையும் படித்தேன். யாரும் என் ஞாயிற்றுக்கிழமைக்கு விடை சொல்லவில்லை, பரவாயில்லை.

சில நடைமுறைச் செய்திகள். மலைப்பள்ளியில் ஆசிரியர் நிற்பது கடினம். இடமாறுதல் கலந்தாய்வு வரும், டீச்சர் கீழே இறங்கிவிடுவார், கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இறங்கியவன்தான். ஒரு டீச்சரையும் ஒரு ஆய்வு மாணவரையும் மட்டும் நம்பிக் கட்டினால் இரண்டே ஆண்டில் இருவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே மழைப் புத்தகம் பள்ளியின் பதிவேடாக, வருகைப் பதிவேடுபோல, ஒப்படைப்புப் பட்டியலில் ஏற வேண்டும். புதிதாக வருகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்திலும் மாணவரைச் சேர்க்காமல் நிலையான வேலையில் இருக்கும் ஒருவர் பெயர் வேண்டும். காப்பிக்காட்டான் போன்ற தோட்டக்காரர்கள் எங்கும் மாறுதல் ஆகிப் போவதில்லை; அவர்களை நடுவில் நிறுத்துங்கள்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைக் கிணற்றுத் தண்ணீர் ஆய்வோடு கூட்டிப்போனேன் ஒருமுறை. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவராக வந்த ஒரு விஞ்ஞானி, "இந்தக் கிணற்றில் மட்டும் ஏன் நீர்மட்டம் ஏறியது?" என்று என் மாணவியைக் கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். பேச வருகிறவர்களில் அப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஆளாகப் பிடியுங்கள்.

மலைப்பள்ளி டீச்சர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

இழையை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மழைமானி தம்பி இரண்டு முறை மேலே வந்தார். படம் எதுவும் காட்டவில்லை. மானியை எங்கே வைப்பது என்று பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றினார். நான் கொடிமரத்தடி என்றேன். ஆறாம் வகுப்புப் பெண், "பையன்கள் பந்தடிப்பார்கள்" என்றாள். தோட்டத்துக்குப் பின்புறம் வேலிக்குள் வைத்திருக்கிறோம். நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியும் வாழவந்திப் பக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. இருபதுக்கு இன்னும் பதினேழு பாக்கி. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பதில் வரட்டும்.

போன சனிக்கிழமை காப்பிக்காட்டான் ஐயா வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். புத்தகத்தை அவரே பக்கம் புரட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை, அது நியாயம்தான். ஒரு பக்கத்தில் எண் எதுவும் இல்லாமல் "மானி நிரம்பி வழிந்தது" என்று மட்டும் எழுதியிருந்தது. "இதற்கு எத்தனை சென்ட் போடுவது?" என்று ஒரு பையன் கேட்டான். மழைமானி தம்பி பதில் சொல்லாமல் ஐயாவைப் பார்த்தார். ஐயா வெகுநேரம் யோசித்து, "எங்கள் மானி ஐந்து இஞ்ச் பிடிக்கும். அதற்கு மேலே" என்றார். இப்போது பிள்ளைகள் தாளில் அந்த இடத்தில் "127 மி.மீ.க்கு மேல்" என்று இருக்கிறது.

இன்று காலை 8.30 கணக்கு: எங்கள் பள்ளி 14 மில்லிமீட்டர்.

காப்பிக்காட்டான் | ஞாயிறு, இரவு 8.52

எங்களிடம் 62 சென்ட். பெருக்கிப் பார்த்தேன், 15.7 வருகிறது. இடையில் ஒரு மேடு இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும். இனி ஞாயிறும் அளக்கச் சொல்லி ரைட்டரிடம் பேசியிருக்கிறேன். அரை நாள் சம்பளம் கேட்கிறார்.

பழைய தலைமையாசிரியர் | ஞாயிறு, இரவு 9.05

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் யார் பார்த்தது?

மலைப்பள்ளி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.11

சத்துணவு அக்காவின் மகள், ஐயா. அந்த 250-க்காரி. வீடு பள்ளிக்குப் பின்னால்தான். சாவி அவளிடம் இருக்கிறது.